கூலி: புசல்லாவை மலையிலிருந்து ஜேர்மன் பேனா வரை

ஜேர்மனியில் ஒரு பள்ளிப் பிள்ளையிடம் "கூலி இருக்கா?" என்று கேட்டால், பெட்டியைத் திறந்து ஒரு பேனாவை எடுத்துத் தரும். அங்கே 'கூலி' என்றால் குமிழ்முனைப் பேனா. 'கூகல்ஷ்ரைபர்' என்ற நீண்ட பெயரின் சுருக்கம் அது என்று அகராதிகள் சொல்லும். 'கூகல்' என்றால் உருண்டை, 'ஷ்ரைபர்' என்றால் எழுதுவது. சரியான விளக்கம்தான். ஆனால் குமிழ்முனைப் பேனா ஜேர்மனிக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1928இல், ஹம்பர்க் நகரில் 'டின்டன்கூலி' என்றொரு மைப்பேனா சந்தைக்கு வந்துவிட்டது. 'டின்ட' என்றால் மை. ஆக, டின்டன்கூலி என்றால் மைக்கூலி: மை சுமக்கும் கூலியாள். அந்தப் பேனாவை விற்ற நிறுவனம்தான் பின்னாளில் 'ரொட்ரிங்' ஆனது. வரைபடம் வரைகிறவர்களின் மேசைகளில் இன்றைக்கும் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

அந்தக் கூலியாள் வேறு யாருமல்ல, தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஆள்தான். சொல் ஐரோப்பியத் துறைமுகங்கள் வழியாக ஹம்பர்க் போய்ச் சேர்ந்தது. போகும் வழியில் அதற்கு நேர்ந்தவற்றைத் தெரிந்துகொள்ளப் புசல்லாவையை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம்.

இலங்கையின் மலைநாட்டில், கம்பளையிலிருந்து நுவரெலியா நோக்கி ஏறும் பாதையில், றம்பொடைக்கு முன்னால் வருகிறது புசல்லாவை. ஊரை ஒட்டியிருக்கும் தோட்டங்களில் ஒன்றின் பெயர் ரொத்சைல்ட். அது ஒரு ஜேர்மன் பெயர். பிராங்பேர்ட் நகரின் யூதத் தெருவில் 16ஆம் நூற்றாண்டில் ஒரு வீட்டை அடையாளம் காட்டிய 'சிவப்புக் கேடயம்' அங்கே வாழ்ந்த குடும்பத்துக்குப் பெயராகி, பிறகு ஐரோப்பாவின் மிகப் பெரிய வங்கிக் குடும்பத்தின் பெயரும் ஆனது. அந்தக் குடும்பத்து மகள் ஒருத்தியின் பிள்ளைகள் மொரிஸ் டி வோர்ம்ஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் என்ற சகோதரர்கள். 1840களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து, புசல்லாவையில் காடு வெட்டிக் கோப்பி போட்டவர்கள் இவர்களே. தாய்வழிப் பாட்டன் குடும்பப் பெயரைத் தோட்டத்துக்கு வைத்தார்கள். சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்து 1841இல் இந்த மண்ணில் நட்டதும் மொரிஸ்தான். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையை வியாபாரப் பயிராக்கியது 1867இல். அதற்குக் கால் நூற்றாண்டு முந்திய கதை இது.

கீழே கம்பளைப் பக்கம் சிங்ஹாபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் முதலாவது கோப்பித் தோட்டத்தைத் தொடங்கியது 1823-24 காலத்தில். அதற்கும் ரொத்சைல்டுக்கும் அதன் பிறகு வந்த மலைத் தோட்டங்களுக்கும் பெரும்பாலும் ஆள் வந்தது தமிழ்நாட்டிலிருந்து. கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து மாத்தளை வழியாக மலைக்கு ஏறினார்கள். அவர்களை வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் ஏடுகளில் எழுதியபோது ஒரே சொல்தான் எழுதினார்கள்: 'கூலி'. வந்தவர்களுக்கு முத்துசாமி, மாரியாயி, கருப்பையா என்று பேர்கள் இருந்தன. ஏடுகளின் கூட்டுத்தொகையில் அவர்கள் இத்தனை கூலிகள்.

தமிழில் கூலி அடிப்படையில் ஆளைக் குறிக்காது. ஆள் செய்த வேலைக்குக் கைமேல் கிடைப்பதே கூலி. ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று ஒட்டுச் சேர்க்க வேண்டும். நாட்கூலி, அரைக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டிக்கூலி, நகைக்கடையில் சேதாரத்தோடு சேர்த்துக் கேட்கும் செய்கூலி எல்லாமே கொடுக்கல் வாங்கலில் கைமாறும் பணம். மனமில்லாமல் செய்கிற வேலையைக் 'கூலிக்கு மாரடிப்பது' என்று சொல்லும்போதும் கூலி என்பது காசுதான்.

சொல்லுக்குப் பழைய மரியாதையும் உண்டு. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், உடல் வருந்திய முயற்சிக்குக் கிடைக்கும் பலனுக்கு வள்ளுவர் வைத்த பெயரே கூலி. தெய்வத்தால் ஆகாததும் முயற்சியால் கிடைக்கும் என்று சொல்கிற இடத்தில் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார். திருவிளையாடல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வைகையில் வெள்ளம் வந்து, வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கு அனுப்ப ஆளில்லை. சொக்கநாதரே தலையில் கூடை சுமந்து கூலியாளாக வருகிறார். உதிர்ந்த பிட்டுத்தான் அவருக்குக் கூலி. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிற கதை இது. கடவுளே கூலிக்கு வேலை செய்ததைக் கொண்டாடும் மக்களுக்கு அந்தச் சொல் இழிசொல்லாக எப்படித் தெரியும்?

ஐரோப்பியர் வாய்க்குப் போனதும் இந்த நிலை மாறியது. சொல்லின் மூலம் எது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்திய அகராதி குஜராத்தின் கோலி சாதியாரிலிருந்து சொல் வந்திருக்கலாம் என்கிறது. தமிழ்க் கூலியையும், அடிமை என்று பொருள்படும் துருக்கிச் சொல்லையும் அது கருதிப் பார்க்கிறது. மேற்குக் கரையில் கோலியர் பெயரையும், கிழக்குக் கரையிலும் இலங்கையிலும் தமிழ்க் கூலியையும் கேட்ட ஐரோப்பியர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டார்கள் என்று கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது. எது எப்படியானாலும் ஆங்கிலத்தில் நிலைத்த பொருள் ஒன்று: கூலி வாங்குகிறவரே கூலி. ஒரு மனிதருக்குக் கொடுக்க வேண்டிய காசின் பெயரை அந்த மனிதருக்கே பெயராக வைத்துவிட்டார்கள்.

இலங்கையில் அந்தப் பெயர் சட்டத்திலும் ஏறியது. 1889இன் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்யும் 'இந்தியக் கூலிகள்' பற்றியது. தோட்டப் பதிவேட்டில் பேர் உள்ள தொழிலாளரும் அவர்களைத் திரட்டி வேலை வாங்கிய கங்காணிமாரும் அந்தச் சொல்லுக்குள் வந்தார்கள். முஸ்லிம் தொழிலாளரைச் சேர்ப்பதற்காக 'துலிகன்' என்றொரு சொல்லும் தோட்டச் சட்ட வரைவிலக்கணங்களில் இருக்கிறது. அதைச் சத்தமாக வாசித்தால் 'துலுக்கன்' கேட்கும். கடன் சீட்டான 'துண்டு' ஆங்கிலச் சட்டச் சொல்லாகி 1921இல் தடை செய்யப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆட்களை மாற்ற, அவர்களுடைய கடனை எழுதிக் கைமாற்றிய சீட்டு அது. ஆளின் விலை எழுதிய சீட்டு என்று சொன்னாலும் பிழையில்லை.

சொல் ஆளோடு நிற்கவில்லை. ஆட்கள் இருந்த வரிசைக் குடியிருப்பு 'கூலி லைன்' ஆயிற்று. அந்த லைன்தான் மலையகத் தமிழில் லயம். ஆட்கள் பேசிய தமிழும் 'கூலித் தமிழ்' ஆயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டபிள்யு. ஜி. பி. வெல்ஸ் எழுதிய பாடப்புத்தகத்தின் பெயரே அதுதான். தேயிலை, றப்பர்த் தோட்டத் துரைமாருக்காக எழுதப்பட்டது. அதற்கு முன்பே ஏ. எம். பெர்குசன் சின்னத்துரைமாருக்காக வெளியிட்ட கையேட்டின் பெயர் 'இங்கே வா'. புதிதாகக் கப்பலில் வந்து இறங்கிய இளம் வெள்ளைக்காரர் தமிழில் முதலில் படிக்க வேண்டியது என்ன என்பது அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. வள்ளுவர் எழுதிய மொழியின் ஒரு பேச்சு வழக்குக்கு, அதைப் பேசியவர்களின் கூலியே அடையாளமாகிவிட்டது.

ஆட்களை இனங்காணவும் ஒரு முறை வந்தது. இலங்கைத் தோட்டக்காரர்கள் 1904இலிருந்து திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாக வைத்து ஒரு தொழிலாளர் ஆணையகம் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் மலைக்கு வந்தவர்களுக்குத் தகரத்தில் வெட்டிய ஒரு வில்லை கொடுக்கப்பட்டது. அதில் தோட்டத்துக்கும் ஆளுக்கும் உரிய எண்கள் அடித்திருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் கரையின் மண்டபம் என்ற ஊரிலிருந்து மலை வரைக்கும் அந்தத் தகரம்தான் அவர்களுடைய முகவரி.

இதே சொல் 19ஆம் நூற்றாண்டில் கப்பல் ஏறி உலகமெல்லாம் போய்க்கொண்டிருந்தது. இந்திய ஒப்பந்தத் தொழிலாளரோடு அது போய்ச் சேர்ந்த இடங்கள்: 1834இல் மொரிசியஸ், 1838இல் பிரித்தானியக் கயானா, 1845இல் டிரினிடாட், 1860இல் நேட்டால், 1873இல் சூரினாம், 1879இல் பிஜி. நேட்டாலின் டர்பன் துறையில் முதலாவதாக வந்து நின்ற 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. தென்னாபிரிக்காவில் கூலி என்பது வேலையின் பெயராகவும் இருக்கவில்லை, ஓர் இனத்தின் பெயராகவே ஆகிவிட்டது. கடை வைத்தவரும் கூலிதான், கணக்கு எழுதியவரும் கூலிதான். 1893இல் போன காந்தியைக் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். தமிழர் பேர்கள் பலவும் 'சாமி' என்று முடிவதால் இந்தியர் எல்லாரையும் 'சாமி' என்று கூப்பிடும் வழக்கமும் இருந்தது. சாமி என்றால் எசமான் என்று பொருள், அப்படியென்றால் நான் உமக்கு எசமானா என்று சிலர் திருப்பிக் கேட்டதைக் காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு சொல்லுக்குச் சொல்லாலேயே பதில் கொடுத்தவர்கள் அவர்கள்.

சீனாவில் இந்தச் சொல் வேறு ஒரு உயிர் எடுத்தது. ஒலியைச் சீன எழுத்தில் எழுதியபோது 'கசப்பு', 'பலம்' என்று பொருள் தரும் இரண்டு எழுத்துகள் அமைந்தன. கசந்த உழைப்பு என்று படிக்கலாம். கியூபாவுக்கும் பெருவுக்கும் கொண்டுபோகப்பட்ட சீனருக்கு அது பொருந்தியும் போனது. அமெரிக்காவில் 1862இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று அமெரிக்கர் கூலி வியாபாரம் செய்வதைத் தடுத்த நாட்டுச் சட்டம். மற்றது கலிபோர்னியா மாநிலம் சீனர் மீது மாத வரி போட்டுக் கூலிகளுக்கு எதிரானது என்று பேர் வைத்த சட்டம். முதலாவதில் கூலி என்பவர் காப்பாற்றப்பட வேண்டியவர், இரண்டாவதில் விரட்டப்பட வேண்டியவர். ஒரே ஆண்டில், ஒரே நாட்டில். பின்னாளில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் கிழக்காசியாவின் கூம்பு வடிவ ஓலைத் தொப்பிக்கும் 'கூலித் தொப்பி' என்று பேர் வைத்தார்கள்.

கரிபியன் தீவுகளில் கூலி என்பது இன்றைக்கும் வலிக்க அடிக்கும் சொல். இந்தோனேசியாவில் அப்படியில்லை. ஒல்லாந்தர் 1880இல் சுமாத்திராவின் டெலித் தோட்டங்களுக்குக் 'கூலிக் கட்டளை' போட்டு, வேலையை விட்டு ஓடுகிறவரைச் சிறையில் போட்டார்கள். அவ்வளவு கசப்பான வரலாறு இருந்தும், இன்று அங்கே 'கூலி' என்பது கட்டட வேலையாளைக் குறிக்கும் சாதாரணச் சொல். செய்தியாளருக்கு அங்கே செல்லமாக வழங்கும் பேர் 'கூலி டிந்தா'. டிந்தா என்றால் மை. ஹம்பர்க்கில் மைக்கூலி என்பது பேனா, ஜகார்த்தாவில் மைக்கூலி என்பது அந்தப் பேனாவைப் பிடிக்கிறவர். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இதைவிட விசித்திரமான பயணம் வாய்த்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சிங்களத்தில் 'குலிய' என்றால் வாடகை. வீட்டு வாடகை 'கெவல் குலிய'. நாட்கூலிக்கு வேலை செய்கிறவர் 'குலீகாரயா'. காசுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்ற வேறுபாட்டைத் தமிழைப் போலவே சிங்களமும் விடவில்லை. புசல்லாவைக் கடைத்தெருவில் அந்தச் சிங்களச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் அடுத்தடுத்துக் காதில் விழும், ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். கெடுத்தது ஆங்கிலத்தின் அதிகாரம். சொல்லின் ஒலியில் ஒரு குறையும் இல்லை.

இனி, மலையகத்துக்கே உரிய ஒரு சொல்லைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அது 'பேர்'.

காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவார்கள். எந்த மலை, யாருக்கு எந்த நிரை என்று பிரிப்பார்கள். செக்ரோல் என்ற வருகை ஏட்டில் பேர் பதிவாகும். கொழுந்தை எடுத்து வந்து தராசில் போட்டதும் கிலோ எழுதப்படும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மலையகத்தில் மிகப் பழைய சண்டைகளில் ஒன்று அந்தக் கழிவில்தான் நடக்கிறது. தோட்டம் வைத்திருக்கும் அளவு, அது 16 கிலோவோ 18 கிலோவோ 20 கிலோவோ, அதை எடுத்தவருக்கு முழுப்பேர். எடுக்காதவருக்கு அரைப்பேர். அளவுக்கு மேலே எடுத்ததற்கு மேலதிகக் காசு. பின்னேரம் லயத்து வாசலில் "இன்னைக்கிப் பேரு விழுந்துச்சா?" என்று ஒருவர் கேட்டால், நாள் சம்பளம் கிடைத்ததா என்று அர்த்தம். "அரைப்பேருதான் அக்கா, மழ விடல" என்றால் பாதிச் சம்பளம். அடுத்த மாதம் சம்பளத் துண்டு வந்ததும் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

ஆங்கிலம் கூலியைப் பேராக்கியது. தோட்டத் தமிழ் பேரைக் கூலியாக்கியது. ஏட்டில் பேர் எழுதப்பட்டால்தான் காசு என்ற நிலைமையிலிருந்து பிறந்த வழக்கு அது. துரைமார் ஆங்கிலத்திலும் 'ஒரு நேம்', 'அரை நேம்' என்று அதுவே ஏறியது. ஒரு நாள் உழைப்பை அளக்கும் அலகுக்குத் தங்கள் பேரையே வைத்தவர்கள், வெறும் எண்ணாகவும் கூலியாகவும் எழுதப்பட்ட அதே ஆட்கள். மலையகச் சொற்களில் இதற்கு நிகரான ஒன்றைச் சொல்வது கடினம்.

அந்த மக்கள் 'கூலி' என்ற பட்டத்தை அப்படியே விட்டுவிடவுமில்லை. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசையர் 1921இல் 'தேசநேசன்' பத்திரிகையைத் தொடங்கினார், 1931இல் ஹற்றனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடி ஆட்களைச் சேர்த்தார். இருவரும் மேடையில் பேசியது தொழிலாளர் உரிமையை. 1940 ஜனவரியில், கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் நாளுக்கு 16 சதம் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில், பொலிஸ் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அவரை முதலாவது தியாகி என்று சொல்கிறது. அதற்கு முந்திய ஆண்டு தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸின் தொழிற்சங்கம் 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பேர் எடுத்தது. கூலிகள் என்று எழுதப்பட்டவர்கள் தொழிலாளர் என்று பேர்ப்பலகை எழுதிக்கொண்டார்கள். காசையும் 'சம்பளம்' என்றே சொல்லத் தொடங்கினார்கள். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தபோதும், 2024இல் 1,350 ரூபா என்று வந்தபோதும் வழக்கில் இருந்த பேர் சம்பள உயர்வுதான், கூலி உயர்வு அல்ல.

உலகின் வேறு மூலைகளில் வேறு வழி எடுத்தார்கள். கயானாவில் ராஜ்குமாரி சிங் 1973இல் 'நான் ஒரு கூலி' என்ற தலைப்பில் எழுதி, வசைச் சொல்லைப் பெருமையாகச் சூடிக்கொள்ளச் சொன்னார். மொரிசியஸ் கவிஞர் கால் தொராபுல்லி 1992இல் 'கூலித்தனம்' என்ற கருத்தையே உருவாக்கினார். கயூத்ரா பகதூர், 1903இல் கல்கத்தாவிலிருந்து தனியாக, வயிற்றில் பிள்ளையோடு கயானாவுக்குக் கப்பல் ஏறிய தன் பூட்டியைத் தேடி, 2013இல் 'கூலிப் பெண்' என்ற நூலை எழுதினார். இந்திய ரயில்வே 2016 வரவு செலவுத் திட்டத்தில் சுமை தூக்கும் கூலிகளின் பேரை 'சகாயக்' என்று மாற்றியது.

இவற்றில் மலையகத்தின் வழி சிறந்தது என்று இந்தக் கட்டுரை வாதிடும். கரிபியனில் தமிழும் போஜ்புரியும் பெரும்பாலும் தேய்ந்துவிட்டதால், அவர்களுக்கு அந்தச் சொல்லின் காயம் மட்டும் மிச்சமிருந்தது. அதை மருந்தாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. மலையகத்தில் தமிழ் உயிரோடு இருந்தது. கூலி என்பது செய்த வேலைக்குச் சேர வேண்டிய காசு என்று பேசுகிறவர்களுக்குத் தெரியும். அதனால் ஆங்கிலம் ஆள்மீது ஒட்டிய பட்டத்தைக் கழற்றிவிட்டு, காசைக் கேட்கும் சண்டைக்குப் போனார்கள். 16 சதத்துக்கு முல்லோயாவில் தொடங்கியது இன்றைய நாட்சம்பளப் பேச்சுவார்த்தை வரை நீள்கிறது. அளவு கிலோ எவ்வளவு, அரைப்பேர் எப்போது, சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பது என்பதெல்லாம் இன்னும் பேசி முடியவில்லை.